இருபது சுருதிப்பெட்டி செய்தால் என்ன மிஞ்சும்?

கேள்வி: திருவையாற்றில் வீட்டிலேயே எலெக்ட்ரானிக் சுருதிப்பெட்டி செய்கிறேன், ஒரு தடவைக்கு 20. பெட்டிக்கு 900 ரூபாய் சாமான், விற்பது 1,500. எல்லாம் விற்றுப்போகிறது, கையில் காசு நிற்கவில்லை. ஏன்?

பதில்: உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்களே, அதே கதைதான். உங்கள் கூலியை நீங்கள் கணக்கில் எழுதவே இல்லை.

20 பெட்டிக்கு 12,000 லாபம் என்று நினைக்கிறீர்கள். என் உத்தேசத்தில் கூரியர் 1,600, சாமான் வாங்க சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் கடைவீதியான ரிச்சி தெரு போய்வர 1,200, திரும்பி வருகிற ஒன்றிரண்டைப் பழுதுபார்க்க 1,000. மிச்சம் 8,200. பெட்டிக்கு 4 மணி நேரம் என்றால் மொத்தம் 80 மணி. மணிக்கு நூறு ரூபாய் சொச்சம். அதுவும் அடுத்த 18,000 ரூபாய் சாமானுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஜி.எஸ்.டி. பதிவு இல்லையென்றால் சாமானுக்குக் கட்டிய வரியும் திரும்பாது.

சாமானில் பத்து இருபது குறைக்க அலையாதீர்கள். நேரத்தைக் குறையுங்கள். பற்றவைப்பதைவிட ஒயர் இழுப்பதுதான் நேரத்தைத் தின்னும். குமிழ், ஜாக், சுவிட்ச் எல்லாம் போர்டிலேயே உட்காரும்படி பி.சி.பி.யை, அதாவது மின்சுற்றுப் பலகையை, மாற்றி வரையுங்கள். பெட்டியில் துளை போட ஒரு தகடு அச்சு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், ஸ்ருதி சேர்ப்பது. ட்ரிம்பாட் என்கிற சின்னத் திருகு மின்தடையைத் திருகித் திருகிச் சேர்த்தால் சித்திரை வெயிலில் மறுபடி விலகும். துடிப்பு பிசகாத கிரிஸ்டல் வைத்த மைக்ரோகன்ட்ரோலர் (குட்டிக் கணினிச் சில்லு) போட்டால் சட்ஜமும் பஞ்சமமும் 2:3 கணக்கில் தானே நிற்கும். ஒரு கட்டைச் சுருதியில் சட்ஜம் 261.6 ஹெர்ட்ஸ் வருகிறதா என்று பார்த்தால் போதும். இதெல்லாம் செய்தால் பெட்டிக்கு இரண்டரை மணி நேரமாக இறங்கும்.

இப்போது விலை. சாமான் 900, மற்ற செலவு 190, இரண்டரை மணிக்கூலி 500. அதன்மேல் பழுது, தேங்கல் என்று ஐந்தில் ஒரு பங்கு. 1,900-க்குக் கீழே இறங்காதீர்கள். செல்போனில் ஓசி ஆப் இருக்கிறதே என்பார்கள். பாடும்போது போன் அடித்துச் சலித்தவர்தான் உங்கள் வாடிக்கையாளர், கூடுகிற 400 ரூபாய்க்காக அவர் பேரம் பேசமாட்டார். கும்பகோணத்துக் கடைக்காரர் கால்பங்கு கமிஷன் கேட்டால் கைக்கு 1,425தான் வரும். அதற்குப் பாட்டு வாத்தியார்கள் வழியே விற்பது மேல்.

விஜயதசமிக்குப் புதுப் பிள்ளைகள் சேர்வார்கள். ஆவணிக்குள் பெட்டிகள் தயாராக இருக்கட்டும். முன்பணம் பாதி வாங்கிக்கொண்டே சாமான் எடுங்கள்.