அடகுக்கடையில் இருந்த உளி

அன்புள்ள ஐயா,

பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் செம்புத் தகட்டில் அச்சுப்படங்கள் செதுக்கிய ஹீரோனிமஸ் வீரிக்ஸைப் பற்றி நீங்கள் ஒரு கூட்டத்தில் பேசியதைக் கேட்டேன். அவர் படங்களை எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம்? அவர் வெறும் நகலெடுப்பாளர் என்கிறார்களே, சரியா? பெருங்குடிகாரர் என்றும் வாசித்தேன். அந்தக் கோடுகளின் வெறி குடியிலிருந்து வந்ததுதானே? ஒழுங்கான வாழ்க்கையிலிருந்து அப்படியொரு கலை வருமா?

கதிர்

அன்புள்ள கதிர்,

உங்கள் கடிதம் வந்த வாரம்தான் ஒரு அஞ்சலிக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். மறைந்த கவிஞரின் குடியைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார்கள், கைதட்டினார்கள், ஒரு கவிதைகூட வாசிக்கவில்லை. முன்வரிசையில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார்.

நகல் பேச்சை விடுங்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஜெர்மன் ஓவியர் ட்யூரரின் படங்களைப் பார்த்துச் செதுக்கி, தன் வயதையும் தகட்டிலேயே பொறித்த பையன் அவர். தொழில் படித்ததே அப்படித்தான்.

குடிக்கு வருகிறேன். நீங்கள் வாசித்ததற்கு மூலம் கிறிஸ்டோபர் பிளான்டின் எழுதிய கடிதமாகத்தான் இருக்கும். ஐரோப்பாவின் பெரிய அச்சகங்களில் ஒன்றை ஆண்ட்வெர்ப்பில் நடத்தியவர். 1587இல் ஒரு ஜேசு சபைக்காரருக்கு எழுதும்போது புலம்புகிறார்: வீரிக்ஸ் சகோதரர்களிடம் (ஹீரோனிமஸோடு மூன்று பேர், எல்லோரும் செதுக்குபவர்கள்) வேலை வாங்க வேண்டுமானால் குடிக்கடைகளில் தேட வேண்டும், கடனை அடைக்க வேண்டும், அடகு வைத்த கருவிகளை மீட்டுக் கொடுக்க வேண்டும், நாலு நாள் வேலை பார்த்துவிட்டு மறுபடி அங்கேயே போய்விடுவார்கள். முதலாளியின் புலம்பல்தான், கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளலாம். ஆனால் எல்லோரும் இதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள், எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

என் சித்தப்பா தையல்காரர். காலரைப் பார்த்தே அவர் தைத்த சட்டை என்று ஊரில் சொல்லிவிடுவார்கள். மாதத்தில் பாதி நாள் அவர் மெஷின் அடகுக்கடையில் இருக்கும், சித்தி முறுக்கு சுட்டு விற்ற காசில் அதை மீட்பாள். எட்டாவது படிக்கும்போது அந்த மெஷினைச் சைக்கிள் கேரியரில் வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு அவளோடு நடந்து வந்திருக்கிறேன், வழி முழுக்க அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. சித்தப்பாவின் நல்ல தையலெல்லாம் காலையில் தைத்தது. சாயங்காலம் தைத்ததை ராத்திரி சிம்னி விளக்கில் சித்தி பிரித்துப் போடுவாள்.

செம்புத் தகட்டில் கோடு எப்படி விழுகிறதென்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். மணல் நிரப்பிய தோல் மெத்தைமேல் தகடு, உள்ளங்கைக்குள் உளியின் பிடி. உளியை முன்னால் தள்ளுவார்கள், வளைவு வேண்டுமென்றால் திரும்புவது தகடுதான். உளி முனையில் செம்பு முடிபோலச் சுருண்டு எழும். அழுத்தினால் கோடு தடிக்கும், முடிவில் மூச்சைப் பிடித்து மெல்லத் தூக்க வேண்டும். நழுவினால் சுரண்டி, பின்பக்கமிருந்து தட்டி மேடாக்கி, தேய்த்து மெருகேற்றி மறுபடி வெட்ட வேண்டும். அச்சில் படம் திரும்பி விழும் என்பதால் இத்தனையும் இடவலம் மாறி. நடுங்கும் கை இதைச் செய்யாது கதிர். மூன்று சகோதரர்களின் பேரில் 2000க்கும் மேற்பட்ட படங்கள் இருக்கின்றன, அவ்வளவும் தெளிந்த கையின் வேலை. நீங்கள் வெறி என்று பார்த்தது பொறுமையை.

இன்னொன்றும் இருக்கிறது. 1570களின் கடைசியில் ஒரு சண்டையில் ஹீரோனிமஸ் வீசிய பீர்க் கோப்பை பட்டு ஒரு பெண் செத்தாள், அவர் சிறைக்குப் போனார். குடியைப் பற்றி அவ்வளவு தேடிப் படித்தவருக்கு இது கண்ணில் படவில்லையா? பட்டிருந்தும் அப்படி எழுதினீர்கள் என்றால் எனக்கு உண்மையிலேயே வருத்தம். குடித்த கலைஞர்களைப் பற்றிய கதைகளில் அவளும் கிடையாது, என் சித்தியும் கிடையாது. உங்களுக்கு வயது குறைவு என்று கடிதத்திலிருந்து தெரிகிறது, அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். அந்தக் கதைகளை நம்பி ஒரு பாட்டிலைத் திறந்துவிடாதீர்கள் தம்பி.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். ஜேசு சபைத் துறவி ஜெரோம் நதாலின் நற்செய்திப் படநூல், ஆண்ட்வெர்ப், 1593. 153 படங்கள், பெரும்பாலானவை இந்தச் சகோதரர்களின் செதுக்கல். ஆட்களின் பக்கத்திலும் கட்டடங்களிலும் குட்டி எழுத்துகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் கீழே விளக்கம். சீனா வரை போன புத்தகம், 1637இல் ஜூலியோ அலேனி என்ற ஜேசு சபைத் துறவி இதை வைத்து அங்கே மரக்கட்டை அச்சில் ஒரு சீனப் பதிப்பே கொண்டுவந்தார். ஆம்ஸ்டர்டாம் ரெய்க்ஸ் மியூசியத்தின் தளத்தில் வீரிக்ஸ் படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒன்றைப் பெரிதாக்கி, முழுப்படத்தை விட்டுவிட்டு, ஒரே ஒரு கன்னத்தை மட்டும் பாருங்கள். கோடு எங்கே தடிக்கிறது, எங்கே மெலிந்து புள்ளியாகிறது என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.