வாசகர் கேள்வி: பனியில் பூனைக்குத் தொப்பை போட்டால்?

கேள்வி: கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறோம். வீட்டுப் பின்பக்கம் நான்கு தெருப்பூனைகள் வரும். கிட்டப் போனால் ஓடிவிடும், தொடவே விடாது. காது நுனி வெட்டியிருக்கிறது, அதனால் கருத்தடை ஆனவை. நவம்பரிலிருந்து வைத்ததையெல்லாம் காலி செய்கின்றன. சாம்பல் நிறப் பூனை பார்க்கவே பயமாக இருக்கும் அளவுக்குக் கொழுத்துவிட்டது, கறுப்புப் பூனையோ எலும்பும் தோலுமாக நிற்கிறது. குண்டுப் பூனைக்குத் தீனியைக் குறைக்கலாமா? மாமியார் மிச்சச் சோறும் மீன் குழம்பும் வைக்கிறார், அது சரியா?

– ஒரு வாசகி

பதில்: குறைக்காதீர்கள். பனிக்காலம் முடியட்டும், ஏப்ரல் வாக்கில் பார்த்துக்கொள்ளலாம்.

குளிர் வந்தால் பூனை கூடுதலாகச் சாப்பிடுவது இயல்பு. தென் பிரான்சில் 38 பூனைகளை நான்கு வருடம் கவனித்து 2014இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள், கோடையில் அவை சாப்பிட்ட அளவு குளிர்மாதங்களைவிட சுமார் 15 சதவீதம் குறைவு. குளிர் அவ்வளவு கடுமையில்லாத தென் பிரான்சிலேயே இப்படி என்றால், ஜனவரி இரவில் சில நாள் மைனஸ் 20 வரை போகும் உங்கள் ஊரில், வெளியிலேயே படுத்துத் தூங்கும் பூனைக்கு எவ்வளவு வேண்டியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். உடம்பைச் சூடாக வைத்திருக்கவே தீனியில் பெரும் பங்கு போய்விடும்.

அப்புறம், சாம்பல் நிறத்தது நிஜமாகவே குண்டா என்று முதலில் பாருங்கள். குளிர்கால ரோமம் அடர்ந்து வளர்ந்து பூனையை ஒரு சுற்றுப் பெரிதாகக் காட்டும். வயிற்றுக்குக் கீழே ஆடும் தோல்மடிப்பும் தொப்பை இல்லை, எல்லாப் பூனைக்கும் கொஞ்சம் இருக்கும். மாடி ஜன்னலிலிருந்து நேர் கீழே பார்த்தால், விலாவுக்குப் பின்னால் இடுப்பு கொஞ்சமாவது ஒடுங்கித் தெரிந்தால் கவலை வேண்டாம். இடுப்பே தெரியாமல் பக்கவாட்டில் பிதுங்கினால்தான் குண்டு. எடை பார்த்தே ஆகவேண்டும் என்றால், கைக்குழந்தைக்கு எடை பார்க்கும் தட்டையான மெஷின்மேல் ஒரு பலகை போட்டு அதன் நுனியில் கிண்ணத்தை வையுங்கள், இரண்டு நாள் சந்தேகப்படும், மூன்றாவது நாள் பசி ஜெயித்துவிடும். சாதாரணமாக மூன்றரையிலிருந்து ஐந்து கிலோ இருக்கும், பெரிய உடம்புக் கடுவன் அதையும் தாண்டும்.

குண்டுதான் என்று உறுதியானாலும் பட்டினி மட்டும் போடாதீர்கள். கொழுத்த பூனை சில நாள் சாப்பிடாமல் இருந்தால் உடம்புக் கொழுப்பு போய்க் கல்லீரலில் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். கருத்தடை செய்த பூனைக்குத் தீனித் தேவை குறையும் என்பது உண்மைதான், அதனால்தான் ஏப்ரலுக்குப் பிறகு வாரம் வாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொல்கிறேன்.

ஒன்று கேட்கிறேன், பக்கத்து வீட்டில் விசாரித்தீர்களா? நான்கு பூனையில் ஒன்று மட்டும் கொழுக்கிறது என்றால் பெரும்பாலும் அது காலையில் ஒரு வீடு, மதியம் ஒரு வீடு, மாலையில் உங்கள் வீடு என்று பந்தி பந்தியாக உட்கார்ந்துகொண்டிருக்கும். தெருவில் யார் யார் வைக்கிறார்கள் என்று தெரிந்து நேரத்தைப் பிரித்துக்கொண்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

கறுப்புப் பூனைதான் எனக்கு உண்மையான கவலை. ஒரே தட்டில் கொட்டினால் முரட்டுப் பூனை தின்று முடிக்கும்வரை மற்றது ஓரமாக நிற்கும். நான்கு கிண்ணம், ஒன்றுக்கொன்று பார்வை மறையும்படி தள்ளித் தள்ளி வையுங்கள். நான்கு கிலோப் பூனைக்கு நாளைக்கு 60, 70 கிராம் உலர்தீனி போதும், பனிக்காலத்தில் கால் பங்கு கூட்டுங்கள். கறுப்புக்கு மட்டும் குட்டிப்பூனைத் தீனி வைத்தால் இன்னும் நல்லது, அதில் கொழுப்பும் புரதமும் அதிகம். இரண்டு வாரம் நன்றாகச் சாப்பிட்டும் தேறவில்லை என்றால் குடற்புழு, பல்வலி, வயதான பூனை என்றால் தைராய்டு, இப்படி ஏதோ இருக்கிறது. கூண்டு வைத்துப் பிடித்து மருத்துவரிடம் கொண்டுபோகத்தான் வேண்டும், தீனியைக் கூட்டிச் சரிசெய்ய முடியாது.

டின் தீனி வெளியில் வைத்த கொஞ்ச நேரத்தில் கல்லாக உறைந்துவிடும், அதனால் பூனை வந்து நின்ற பிறகு வெதுவெதுப்பாக வையுங்கள். பகலில் குறித்த நேரத்தில் வைத்து அரைமணியில் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள், இருட்டினால் ரக்கூன், ஸ்கங்க் மாதிரி இரவில் திரியும் காட்டு விலங்குகள் வந்து உங்கள் கணக்கையெல்லாம் தின்றுவிடும். தண்ணீரை மறக்காதீர்கள், பனியை நக்கினால் உள்ளே சூடுதான் குறையும். வாயகன்ற கிண்ணத்தைவிட ஆழமானதில் மெதுவாக உறையும்.

படுக்க இடம் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. தெர்மோகோல் பெட்டியில் 15 சென்டிமீட்டர் அளவுக்கு ஒரு வாசல் வெட்டி உள்ளே வைக்கோல் நிரப்பினால் போதும். கம்பளி போடவே கூடாது, ஈரத்தை உறிஞ்சிப் பூனையோடு சேர்ந்து உறையும். பெட்டி பெரிதாக வேண்டாம், பூனையின் உடம்புச் சூடு உள்ளேயே நிற்க வேண்டும். உலர்ந்த இடம் கிடைத்தால் தின்றதெல்லாம் குளிருக்கே செலவாகாமல் உடம்பில் ஒட்டும்.

மாமியார் விஷயம். குழம்பு வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும், சோறு வயிற்றை நிரப்புமே தவிர பூனைக்குத் தேவையான கொழுப்பும் புரதமும் அதில் இல்லை. குழம்பில் போடுவதற்கு முன்பே ஒரு துண்டு மீனை எடுத்து உப்பில்லாமல் அவித்து, முள் நீக்கி வைக்கச் சொல்லுங்கள். நான் சொன்னதாகவே சொல்லுங்கள், உங்கள் தலை உருளக்கூடாது.

கேள்வி: ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி. எங்கள் தெருப்பூனைகளுக்குச் சூடான பால் வைத்தால் உடம்பு தேறுமா?

– ஒரு வாசகர்

பதில்: தேறாது. வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் செரிக்காது, வயிற்றுப்போக்கு வந்து இருக்கிற எடையும் போகும். உங்கள் ஊரில் பகலில் வெயில் அடித்துவிடும், விடியற்காலைதான் கொடுமை, அதனால் மாலையில் இருட்டும் முன் வயிறு நிறையக் கொடுத்தால் போதும், கனடா அளவுக்கெல்லாம் கூட்ட வேண்டாம். மிச்சத்தை மட்டும் இரவில் வெளியே விடாதீர்கள். மலையில் சாப்பாட்டு வாசனைக்குக் கரடியும் காட்டுப்பன்றியும் வரும், உங்களுக்குத் தெரியாததா!