குதிரை என்ன ஆயிற்று?

கேள்வி: கிரிம் சகோதரர்களின் ‘வெள்ளைப் பாம்பு’ கதையைப் பேரனுக்கு வாசித்துக் காட்டினேன். இப்படி ஜீவகாருண்யத்தைச் சொல்லித்தரும் கதைகள் இப்போது ஏன் வருவதில்லை?

பதில்: ஜீவகாருண்யமா? எந்தப் புத்தகத்தில் வாசித்தீர்கள், முதலில் அதைச் சொல்லுங்கள். அந்த வேலைக்காரப் பையன் ராஜாவுக்குப் போகிற மூடிய பாத்திரத்தைத் திருட்டுத்தனமாகத் திறந்து பாம்பில் ஒரு துண்டைத் தின்கிறான், மிருக பாஷை புரிந்துவிடுகிறது. ராணியின் மோதிரத்தை விழுங்கிவிட்டேன் என்று ஒரு வாத்து புலம்புவது காதில் விழ, அதன் கழுத்தைப் பிடித்துத் தூக்கிப்போய்ச் சமையல்காரனிடம் கொடுக்கிறான். ஆக, ஊரை விட்டுக் கிளம்புமுன்பே பாம்பு ஒன்று, வாத்து ஒன்று. அப்புறம்தான் நாணலில் சிக்கிய மூன்று மீன்களைத் தண்ணீரில் விடுகிறான், எறும்புகளை மிதிக்காமல் குதிரையைத் திருப்புகிறான் (விலகி நடந்தது குதிரை, நன்றி வாங்கியது மேலே உட்கார்ந்திருந்தவன்), பெற்றவை கூட்டிலிருந்து தள்ளிவிட்ட அண்டங்காக்கைக் குஞ்சுகள் பசியில் கத்துவதைக் கேட்டு மனம் இளகி, இறங்கி, வாளால் குதிரையைக் கொன்று அவற்றுக்குப் போட்டுவிடுகிறான். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்பார்களே, இங்கே தேங்காய்க்கு நாலு கால். அதுவும் எந்தக் குதிரை? என்ன பரிசு வேண்டும் என்று ராஜா கேட்டபோது, குதிரையும் வழிச்செலவும் போதும் என்று வாய்விட்டுக் கேட்டு வாங்கிய குதிரை!

பிறகு வேறொரு ஊரில், இளவரசியைக் கட்டிக்கொள்ள வைத்த சோதனைகளில், கடலில் போட்ட ஒரு மோதிரத்தை மீன்களும், புல்லில் இறைத்த பத்து மூட்டை சிறுதானியத்தை எறும்புகளும், தங்க ஆப்பிளைக் காக்கைகளும் கொண்டுவந்து சேர்க்க, பையனுக்கு இளவரசி கிடைக்கிறாள். குதிரையைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை.

சுருக்கித் தருகிறேன் பேர்வழி என்று கதையைக் கொத்துகிறவர்களோடு எனக்கு உள்ள பழைய சண்டை உங்களுக்குத் தெரியும். ஒரு சிறுவர் பதிப்பில் பையன் காக்கைகளுக்கு ரொட்டியைப் பிய்த்துப் போடுகிறான்! வில்ஹெல்ம் கிரிம்மும் சும்மா இருந்தவர் இல்லை, 1812-இல் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லப் பார்த்த பெற்ற தாயைப் பிற்பாடு மாற்றாந்தாய் ஆக்கினவர்தான். ஆனால் 1857-இல் வந்த ஏழாம் பதிப்பிலும் குதிரை செத்துத்தான் போகிறது. யாரும் சாகாத கதை வேண்டுமென்றால் அதே தொகுப்பில் ‘தேனீ ராணி’ இருக்கிறது, அதை வாசியுங்கள்.

எனக்கு வேறொரு சந்தேகம். எறும்பு முணுமுணுப்பது வரைக்கும் புரிகிற காது அவனுக்கு. வாளோடு அவன் இறங்கியபோது குதிரை ஒன்றுமே சொல்லவில்லையா?

சரி, உங்கள் கேள்வி. அந்த மாதிரிக் கதைகள் வாரம் பத்தாவது வருகின்றன. நாங்கள்தான் போடுவதில்லை.