பாத மருத்துவ மாணவர் கிளர்க்‌ஷிப்பையும் ரெசிடென்சி இடத்தையும் பெறுவது எப்படி?

அமெரிக்காவில் பாத மருத்துவம் மூன்றாம் ஆண்டு படிக்கும் நீங்கள், மாணவராக மருத்துவமனையில் ஒரு மாதம் பயிற்சி பெறும் கிளர்க்‌ஷிப் மருத்துவமனைகளை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டம் பெற்றபின் மருத்துவமனையில் பெறும் பயிற்சியான ரெசிடென்சி 3 ஆண்டுகள் நீடிப்பது என்பதால், மருத்துவமனையின் பெயரைவிட, அங்கே பயிற்சி மருத்துவரின் கைக்கு எவ்வளவு அறுவைச் சிகிச்சை வருகிறது, அதில் பின்பாதமும் கணுக்காலும் எந்த அளவு என்பதையே முதலில் விசாரியுங்கள்; நான்காம் ஆண்டுக்கான இடங்களுக்கு இப்போதே விண்ணப்பித்துவிட வேண்டும்.

அங்கே மாணவராகக் கழியும் ஒரு மாதம் உண்மையில் ரெசிடென்சிக்கான நீண்டதொரு நேர்காணல்தான். நோயாளிகளைப் பார்க்கும் விடியற்காலைச் சுற்றுக்கு முன்பே வந்து, சர்க்கரை நோயாளியின் பாதப் புண்ணில் கட்டை அவிழ்த்து, உலோகக் குச்சியை மெல்ல உள்ளே விட்டு, அது எலும்பைத் தட்டினால் எலும்பிலும் தொற்று இருக்கலாம் என்று மூத்தவர் கேட்குமுன் சொல்லும் மாணவரை எவரும் எளிதில் மறப்பதில்லை. (தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்பவரையும்தான்.)

ரெசிடென்சிக்கான முறையான விண்ணப்பம் காஸ்பர் (CASPR) என்னும் பொது விண்ணப்பச் சேவை வழியே செல்லும். ஜனவரி நேர்காணல்களுக்குப் பின் மாணவர்களும் மருத்துவமனைகளும் தரும் தரவரிசைகள் ஒன்றோடொன்று பொருத்தப்பட்டு, மார்ச்சில் முடிவு வரும். கிடைக்கக்கூடியது எது என்று கணக்குப் போடாமல், உண்மையில் விரும்பும் வரிசையிலேயே பட்டியலிடுங்கள்.