லினக்ஸ் கண்டுகொள்ளாத ஸ்கேனர்: கடையில் திருப்பிக் கொடுக்கலாமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் தனியாளாக ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். கம்ப்யூட்டரில் உபுண்டு 18.04 என்ற லினக்ஸ் இருக்கிறது. பொள்ளாச்சியில் புதிதாக கேனான் லைடு 300 ஸ்கேனர் வாங்கினேன். பிரிண்டர் நன்றாக ஓடுகிறது. ஸ்கேனர் மட்டும் இல்லை என்றே காட்டுகிறது. கடையில் விண்டோஸில் போட்டுக் காட்டிவிட்டு, திருப்பி எடுக்க மாட்டோம் என்கிறார்கள். கடை தமிழ்நாட்டில், நான் கேரளத்தில். எங்கே புகார் கொடுப்பது?

பதில்: புகாரை ஒரு நாள் தள்ளிப் போடுங்கள். விண்டோஸில் ஓடுகிறதென்றால் கருவி கெடவில்லை. லினக்ஸில் அச்சடிப்பதை கப்ஸ் பார்த்துக்கொள்கிறது, ஸ்கேன் செய்வது சேன் என்ற வேறு மென்பொருள். அதனால்தான் ஒன்று ஓடி மற்றொன்று நிற்கிறது. 18.04-உடன் வந்த சேன் 1.0.27-க்கு உங்கள் மாடலைத் தெரியாது. 20.04-ல் உள்ள 1.0.29-க்குத் தெரியும்.

எதையும் அழிக்காமல் இதைச் சோதிக்கலாம். 8 ஜிபி பென்டிரைவில் உபுண்டு 22.04-ஐ ஏற்றி, அதிலிருந்து கம்ப்யூட்டரைத் தொடங்குங்கள். இன்ஸ்டால் செய்யாமல் பயன்படுத்திப் பார்க்கும் வசதியைத் தேர்ந்து, அதிலுள்ள டாகுமென்ட் ஸ்கேனர் என்ற செயலியைத் திறந்து ஒரு தாளை ஸ்கேன் செய்யுங்கள். வந்துவிட்டால், கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்துவிட்டு 22.04-ஐப் புதிதாகவே போட்டுவிடுங்கள், 18.04-லிருந்து நேராக 22.04-க்கு ஏற முடியாது, நடுவில் 20.04 வரும். 18.04-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2023-லேயே நின்றுவிட்டன. பிறருடைய ஆதாரமும் அடையாள அட்டையும் ஸ்கேன் ஆகும் கம்ப்யூட்டரில் அதை இனியும் வைத்திருக்கக் கூடாது.

பென்டிரைவிலும் வரவில்லையா? முதலில் கேபிளைப் பாருங்கள். லைடுக்குத் தனி அடாப்டர் கிடையாது, மின்சாரமும் யுஎஸ்பி வழியாகத்தான். ஹப்பிலோ கேபினெட்டின் முன்பக்கத்திலோ செருகியிருந்தால் எடுத்துப் பின்பக்கத் துளையில் செருகுங்கள். பிறகு டெர்மினலில் யுஎஸ்பி கருவிகளைப் பட்டியலிடும் lsusb கட்டளையைக் கொடுங்கள். கேனான் பெயரே இல்லையென்றால் கோளாறு கேபிளிலோ துளையிலோதான். பெயர் இருந்தும், சூடோ (நிர்வாகி அனுமதியுடன் ஓட்டும் கட்டளை) போட்டால் மட்டும் ஸ்கேன் ஆகிறதென்றால் அது அனுமதிச் சிக்கல்: உங்கள் பயனர் கணக்கை ஸ்கேனர் குழுவில் சேர்த்துவிட்டு, லாக்அவுட் செய்து மீண்டும் உள்ளே வாருங்கள். லாக்அவுட் செய்யாதவரை மாற்றம் நடப்புக்கு வராது. பலர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

அடுத்த முறை ஹெச்பி ஆல்-இன்-ஒன் வாங்கினால் ஒன்று கவனியுங்கள். சில மாடல்களுக்கு, ஹெச்பியின் லினக்ஸ் மென்பொருளான ஹெச்பிலிப்புடன் தனி பிளக்-இன்னும் வேண்டும். ஹெச்பிலிப்பின் பதிப்பு மாறினால் பிளக்-இன்னையும் அதே பதிப்புக்கு மாற்ற வேண்டும். அப்டேட்டுக்குப் பின் ஸ்கேன் திடீரென நின்றால் முதலில் இதைப் பாருங்கள். எந்த கம்பெனியாக இருந்தாலும் பணம் கொடுக்கும் முன் சேன் திட்டத்தின் தளத்தில் மாடலைத் தேடுங்கள்: 'முழுமை', 'நன்று' என்றிருந்தால் வாங்கலாம். அந்தப் பென்டிரைவைக் கடைக்கே கொண்டுபோய்ப் போட்டுப் பார்ப்பது இன்னும் நல்லது.

இனி சட்டம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும், கோவைக்குப் போக வேண்டியதில்லை. கால வரம்பு 2 ஆண்டு. பொருளின் விலை 5 லட்ச ரூபாய்க்குள் என்பதால் கட்டணமும் இல்லை. வணிகத்துக்காக வாங்கிய பொருளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்றாலும், பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு விலக்கு உண்டு. தனியாளாக நடத்தும் கடை என்பதைப் புகாரிலேயே எழுதுங்கள். ஆனால் பெட்டியில் விண்டோஸ், மேக் என்று மட்டும் அச்சிட்டிருந்தால், லினக்ஸில் ஓடாததைக் குறைபாடு என்று நிறுவுவது கடினம். 'லினக்ஸில் ஓடும்' என்று கடைக்காரர் பில்லிலோ வாட்ஸ்அப்பிலோ எழுதியிருந்தால் நிலைமை வேறு. அப்படி இருந்தால் அதைப் பத்திரப்படுத்திக்கொண்டு, முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள்.