காசில்லாத கட்டு

அன்புள்ள ஐயா,

நீதிமன்றம் பற்றி நீங்கள் எழுதுபவற்றை விடாமல் படிக்கிறேன். ஒரு சந்தேகம். பெரிய வக்கீல்கள் அறக்கட்டளை வைக்கிறார்கள், பிள்ளைகளுக்குப் படிப்புதவி கொடுக்கிறார்கள், இலவசமாக வழக்கு நடத்துவதாகவும் சொல்கிறார்கள். மற்ற தொழில்களில் இந்தப் பேச்சு இவ்வளவு கிடையாது. இவர்களுக்கு மட்டும் ஏன்? கட்சிக்காரர்களிடம் வாங்கியதற்குப் பரிகாரமா, இல்லை விளம்பரமா?

இன்னொன்று. என் தங்கையின் ஜீவனாம்ச வழக்குக்கு இலவச வழக்கறிஞர் ஒருவரை நியமித்திருக்கிறார்கள். ‘காசு கொடுக்காமல் அவருக்கு அடிக்கடி போன் செய்வது எப்படி?’ என்று தயங்குகிறாள். அவளிடம் என்ன சொல்வது?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

பரிகாரமும் உண்டு, விளம்பரமும் உண்டு. இரண்டையும் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். ஆனால் நீங்கள் இரண்டு விஷயங்களை ஒரே பையில் போட்டுவிட்டீர்கள்.

பணம் கொடுப்பதைத் தனியாக வையுங்கள். நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுக்க வக்கீலாக இருக்க வேண்டியதில்லை. யார் கொடுத்தாலும் நல்லதுதான், புகைப்படம் எடுத்துக்கொண்டால்கூடப் பிள்ளைக்குப் புத்தகம் கிடைத்துவிடுகிறது. அதில் எனக்குப் பெரிய கருத்து ஒன்றும் இல்லை.

சட்ட உதவி வேறு. வழி தெரியாமல் நிற்பவருக்கு யார் வேண்டுமானாலும் வழி சொல்லலாம். வழக்கில் மாட்டிக்கொண்டவருக்காக யார் வேண்டுமானாலும் வாதாட முடியாது. நீதிமன்றம் தனியாக அனுமதித்தாலொழிய, பதிவு பெற்ற வழக்கறிஞர்தான் எழுந்து பேசலாம். இந்தியாவின் வழக்கறிஞர்கள் சட்டம், 1961, உரிமை இல்லாமல் இந்தத் தொழிலைச் செய்பவருக்கு ஆறு மாதம் வரை சிறை என்கிறது. மற்ற பல நாடுகளிலும் ஏறக்குறைய இப்படித்தான். ஆக, ஊருக்கெல்லாம் பொதுவான கதவைப் பூட்டிச் சாவியை வக்கீல்களான எங்கள் கையில் கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சாவியை வைத்துத்தான் நாங்கள் சம்பாதிக்கிறோம். காசில்லாத ஒருவர் வந்து நின்றால் திறந்துவிடுவதைத் தானம் என்று எப்படிச் சொல்வது? சாவி கொடுத்தபோதே சேர்த்துச் சொன்ன நிபந்தனை அது.

நிபந்தனை எழுத்திலும் இருக்கிறது. பணம் கொடுக்க முடியாதவருக்கும் வக்கீல் கிடைக்க வேண்டும், தன் சக்திக்கு உட்பட்டு இலவச உதவி செய்வது ஒரு வழக்கறிஞரின் மிக உயர்ந்த கடமைகளில் ஒன்று என்று இந்திய பார் கவுன்சில் விதிகள் சொல்கின்றன. அமெரிக்க பார் அசோசியேஷனின் மாதிரி விதி வருஷத்துக்கு 50 மணி நேரமாவது இதற்கு ஒதுக்கச் சொல்கிறது. கட்டாயம் இல்லை, எதிர்பார்ப்பு. நியூயார்க் மாநிலம் இன்னும் கறார்: தேர்வு எழுதி அங்கே பதிவு செய்யவே 50 மணி நேர இலவச வேலையைக் காட்ட வேண்டும்.

மற்ற தொழில்களில் இந்தப் பேச்சு இல்லையே என்கிறீர்கள். இதற்குப் பழைய காரணம் ஒன்றும் உண்டு. ரோமில் கி.மு. 204-இல் வந்த சின்சியா சட்டம், வழக்கில் பேசுபவர் அதற்காகப் பணமோ பரிசோ வாங்கக் கூடாது என்றது. ஆனாலும் வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். பிறகு கிளாடியஸ் பேரரசர் காலத்தில் 10,000 செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) என்று உச்சவரம்பு போட்டு ஒப்புக்கொண்டார்கள். இங்கிலாந்தில் பாரிஸ்டருக்கு, அதாவது கோர்ட்டில் வாதாடும் வக்கீலுக்கு, தருவது கூலி ஆகாது, மரியாதைத் தொகை என்று வெகுகாலம் கருதினார்கள். கொடுக்காமல் போனால் வழக்குப் போட்டு வசூலிக்க 1990 வரை அவருக்கு வழியில்லை. பாரிஸ்டர் அங்கியின் முதுகுப் பக்கம் தொங்கும் துணி அந்தக் காலத்தில் பணம் போடும் பை, வக்கீல் திரும்பிப் பார்க்காமல் இருக்க அங்கே தைத்தார்கள் என்று ஜூனியர்களுக்கு ஒரு கதை சொல்வார்கள். நம்ப வேண்டாம், ஆனால் அந்தக் கதையைச் சொல்லச் சொல்ல, காசு கேட்பதில் ஒரு கூச்சம் தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிட்டது. அந்தக் கூச்சம் நல்லது.

சரி, வக்கீல் இருந்தால் அப்படி என்ன மாறிவிடும்? இதற்கு ஓர் ஆள் சாட்சியாக இருக்கிறார். கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன். 1961-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தை உடைத்துத் திருடினார் என்று வழக்கு. வக்கீல் வேண்டும் என்று கேட்டார். மரண தண்டனை வழக்குக்குத்தான் தருவோம் என்றது நீதிமன்றம். தானே வாதாடினார், ஐந்து வருஷம் தண்டனை. சிறையிலிருந்து பென்சிலால் ஒரு மனு எழுதி உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அவருக்காக நீதிமன்றம் ஏப் ஃபோர்ட்டாஸ் என்ற பெரிய வக்கீலை நியமித்தது. ஃபோர்ட்டாஸ் காசு வாங்காமல் வாதாடினார். குற்ற வழக்கில் ஏழைக்கு அரசே வக்கீல் தர வேண்டும் என்று 1963 மார்ச்சில் தீர்ப்பு வந்தது.

இதுவரை எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்தது. அதே வருஷம் ஆகஸ்டில் மறுவிசாரணை. அதே ஊர், அதே நீதிபதி, அதே முக்கிய சாட்சி. மாறியது ஒன்றுதான்: கிடியன் பக்கத்தில் உள்ளூர் வக்கீல் ஒருவர் இருந்தார். முதல் விசாரணையில் கிடியனால் அசைக்க முடியாத சாட்சியை அவர் குறுக்கு விசாரணையில் ஆட்டிவிட்டார். ஜூரிகள் ஒரு மணி நேரம் போல யோசித்துவிட்டு விடுதலை என்றார்கள். இலவச சட்ட உதவியால் என்ன பயன் என்று கேட்பவரிடம் நான் சட்டப் பிரிவு எதுவும் சொல்வதில்லை, இந்த இரண்டு விசாரணைகளைத்தான் சொல்வேன்.

இந்தியாவில் 1979-இல் வந்த ஹுசைனாரா கத்தூன் வழக்கும் இப்படித்தான். குற்றம் நிரூபணமானால் கிடைக்கக்கூடிய தண்டனையைவிட அதிக காலம், விசாரணையே இல்லாமல் பீகார் சிறைகளில் ஆட்கள் கிடந்தார்கள். பத்திரிகையில் அதைப் படித்துவிட்டு கபிலா ஹிங்கோரானி என்ற வழக்கறிஞர் உச்ச நீதிமன்றம் போனார். சிறையில் இருந்தவர்களில் யாரும் அவரைத் தேடி வந்து வக்காலத்து கொடுக்கவில்லை.

இப்போது எங்கள் பக்கத்து அழுக்கு. ஜூனியராக இருந்தபோது நான் எடுத்த முதல் இலவச வழக்கு கருணையால் எடுத்தது அல்ல. காசு கொடுத்து என்னிடம் வர ஆள் இல்லை, கோர்ட்டில் எழுந்து பேசிப் பழக ஒரு வழக்கு வேண்டியிருந்தது. குறுக்கு விசாரணையை நான் கற்றுக்கொண்டது அப்படி வந்தவர்களின் செலவில்தான். நான் அவர்களுக்குக் கொடுத்தேனா, அவர்கள் எனக்குக் கொடுத்தார்களா என்று இன்றைக்கும் எனக்கு உறுதியாகத் தெரியவில்லை.

அடுத்ததைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. மேஜை மேல் கேஸ் கட்டுகள் அடுக்கியிருக்கும். காசு கொடுத்த கட்டு மேலே, கொடுக்காத கட்டு கீழே. யாரும் வேண்டுமென்று அப்படி வைப்பதில்லை, தானாக அப்படி அமைந்துவிடும். ஒரு வயதான அம்மாவின் வீட்டு வழக்கை இலவசமாக எடுத்திருந்தேன். வாய்தா அன்று வேறு கோர்ட்டில் காசு வாங்கிய வழக்கில் நின்றுகொண்டிருந்தேன். இங்கே மூன்று முறை கூப்பிட்டுவிட்டு, ஆஜராகவில்லை என்று டிஸ்மிஸ் செய்துவிட்டார்கள். அந்த அம்மா வராண்டாவில்தான் உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டது காதில் விழுந்ததாம். ‘வக்கீல் வந்துடுவார்னு நினைச்சு எந்திரிக்கல’ என்றார். மனு போட்டு வழக்கைத் திரும்பக் கோப்புக்குக் கொண்டுவந்தேன். ஐந்து மாதம் போனது. ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை அவர். பேசியிருந்தால் தேவலை. ‘சும்மா செய்யறவரை எப்படிக் கேக்கறது’ என்று பக்கத்திலிருந்த பெண்ணிடம் சொன்னார், அது என் காதில் விழுந்தது.

உங்கள் தங்கையும் இதையேதான் சொல்கிறார், அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன். அவர் சும்மா வாங்கவில்லை. சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 1987-இன் 12-ஆம் பிரிவின்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. அவருடைய வழக்கறிஞருக்குக் குறைவாகத்தான் என்றாலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு கட்டணம் தருகிறது. தராவிட்டாலும் நிலைமை ஒன்றுதான். வக்காலத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு காசு கொடுத்தவர், கொடுக்காதவர் என்று இரண்டு வகைக் கட்சிக்காரர் கிடையாது.

போன் செய்யச் சொல்லுங்கள். இரண்டு கேள்வி போதும்: அடுத்த வாய்தா என்றைக்கு, அன்று என்ன நடக்கும். பதிலைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். தாக்கல் செய்யும் ஒவ்வொரு மனுவுக்கும் நகல் கேட்டு வாங்கட்டும். மறுபடி மறுபடி பதில் வரவில்லையென்றால், வேறு வழக்கறிஞரை நியமிக்கச் சொல்லி ஆணைக்குழுவில் ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கலாம். வாய்தா அன்று வழக்கறிஞர் வந்தாலும் வராவிட்டாலும், பெயர் கூப்பிட்டதும் எழுந்து உள்ளே போய் நிற்கட்டும்.