மழைக்குத் திரும்பும் வாரங்கள்: உடல்நலக் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பொருளைப் பற்றியவை. வாரக்கணக்கில் காய்ந்து கிடந்த மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் செப்டம்பர் கடைசியிலிருந்து பிற்பகல் 3 மணிக்கு வானம் கறுக்கிறது. 4 மணிக்குள் லோங்காங் (வடிகால்) நிரம்பி ஓடுகிறது. காலையில் சுள்ளென்ற வெயில், மாலையில் எங்கும் ஈரம் என்ற இந்த மாற்றத்தில் உடம்பை எப்படிப் பேணுவது என்பதே பலரின் கேள்வி. தோட்டத்து மருந்தகத்தில் டிரெஸ்ஸராக (மருத்துவ உதவியாளராக) 30 ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். வயது, ஏற்கெனவே உள்ள நோய், சாப்பிடும் மருந்து, தொல்லை தொடங்கி எத்தனை நாள் என்ற நான்கும் இல்லாத கடிதத்துக்கு முழுப் பதில் எழுத இயலாது என்பதைப் போன மாதமும் சொன்னேன். இம்மாதமும் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேள்வி: “இலையுதிர் காலத்தில் உடலையும் மனத்தையும் பேணும் வழிகள்” என்று ஒரு பட்டியல் வாட்ஸ்அப்பில் வந்தது. கெட்டியான முகப்பூச்சு, பிரகாசமான விளக்கின் முன் அமர்தல், வைட்டமின் டி மாத்திரை, பூசணி சூப் என்று நீளுகிறது. எவற்றைக் கடைப்பிடிக்கலாம்? (ஆசிரியை, வயது 38)

பதில்: அது வட நாடுகளில் வாழ்வோருக்கு எழுதப்பட்டது. அங்கே செப்டம்பர் 22, 23 வாக்கில் பகலும் இரவும் சமமாகி, அதன் பிறகு இரவு நீண்டுகொண்டே போகும். லண்டனில் டிசம்பர் 21 வாக்கில் பகல் 8 மணி நேரம்கூட நீடிப்பதில்லை. காற்று குளிர்ந்து வறண்டு தோல் வெடிக்கும், வெளிச்சக் குறைவால் மனமும் சோரும். ஆகவே அவர்களுக்கு அந்தப் பூச்சும் விளக்கும் தேவைப்படுகின்றன. நாம் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 5 பாகை வடக்கே இருக்கிறோம். நமது மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் வேறுபாடு. நண்பகல் வெப்பமும் ஆண்டு முழுவதும் 32, 33 பாகையை ஒட்டியே நிற்கிறது. இந்தப் புழுக்கத்தில் கெட்டிப் பூச்சைத் தடவினால் வேர்க்குருதான் மிஞ்சும்.

நம் ரப்பர் மரங்கள் இலை உதிர்ப்பது பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் என்பது பால்வெட்டிய எந்தப் பாட்டியைக் கேட்டாலும் தெரியும். அக்டோபரில் நமக்கு நேர்வது வேறு. தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்து, நவம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று வலுப்பெறும் வரையுள்ள இடைப்பட்ட வாரங்களில் காற்று மந்தமாகி, பிற்பகல்தோறும் இடியுடன் மழை கொட்டுகிறது. மேற்குக் கரையில் ஆண்டின் கனமழையை அக்டோபரிலும் நவம்பரிலுமே பார்க்கிறோம். நம் முன்னோர் ஆவணி, புரட்டாசியைக் கார் என்றும், ஐப்பசி, கார்த்திகையைக் கூதிர் என்றும் பிரித்தார்கள். அந்தக் கணக்கு அந்தப் பட்டியலைவிட நம் ஊருக்கு நெருக்கமானது. பட்டியலில் நமக்கும் பொருந்துவன இரண்டு. ஒன்று, தினமும் ஒரே நேரத்தில் படுக்கப் போவது. மற்றொன்று, மாலையில் 10 நிமிடம் கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு மூச்சைக் கவனித்தபடி அமைதியாக அமர்வது. வைட்டமின் மாத்திரையை, இரத்தப் பரிசோதனையில் குறை தெரிந்த பிறகு மருத்துவர் சொல்லும் அளவில் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இடி கேட்டாலும் கையிலுள்ள குலையை முடித்துவிட்டுப் போகலாம் என்கிறார்கள். சரியா? (செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டத் தொழிலாளி)

பதில்: தவறு. அலுமினியக் கழியைக் கையில் உயர்த்திப் பிடித்திருக்கும்போது இடி காதில் விழுந்தால், கழியைக் கீழே போட்டுவிட்டு மரத்தடியையும் விட்டு விலகிக் கட்டடத்துக்கோ மூடிய வண்டிக்கோ போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்த பிறகே திரும்புங்கள்.

கேள்வி: சுமத்ராவிலிருந்து வரும் புகைமூட்டத்துக்குத் துணி முகக்கவசம் போதுமா?

பதில்: போதாது. நுண்துகளைத் தடுப்பது முகத்தோடு இறுகப் பொருந்தும் என்95 வகைதான். காற்றின் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் குழந்தைகள், முதியோர், இழுப்பு உள்ளவர்கள் வெளிவேலையைக் குறைக்க வேண்டும்; 200-ஐத் தாண்டினால் எல்லோருமே வீட்டுக்குள் இருப்பது நல்லது. மழை பெய்து புகை அடங்கும் வரை வீட்டு வாசலில் குப்பை கொளுத்துவதையாவது நிறுத்துங்கள்.

கேள்வி: என் மகன் செம்பனைத் தோட்டத்தில் பழம் அறுக்கிறான். வயது 26. தொடையிடுக்கிலும் இடுப்பிலும் வட்ட வட்டமாகப் படை. கடையில் வாங்கிய களிம்பைப் பூசினால் இரண்டு நாளில் அரிப்பு நிற்கிறது. விட்டால் முன்னைவிடப் பெரிதாக வருகிறது. மழை தொடங்கியதும் காலிலும் வந்துவிட்டது. எந்தச் சவர்க்காரம் நல்லது?

பதில்: அம்மா, சவர்க்காரத்தைக் கேட்டிருக்கிறீர்கள், களிம்பின் பெயரை எழுதவில்லை. களிம்பின் பெயர் இல்லாமல் படையைப் பற்றி எனக்கு இம்மாதம் வந்த மூன்றாவது கடிதம் இது. பெயர் இல்லாவிட்டாலும், நீங்கள் சொல்லும் அறிகுறியே போதும்: பூசினால் இரண்டே நாளில் அடங்கி, விட்டால் விரிந்து படர்கிறது என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். குழாயைத் திருப்பிப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், குளோபிட்டசோல் போன்ற பெயர் இருந்தால் அதை இன்றோடு நிறுத்திவிட்டு, அந்தக் குழாயையே கையோடு எடுத்துக்கொண்டு மகனைக் கிளினிக்குக்கு அனுப்புங்கள்.

இதைப் பற்றி நான் எழுதாத ஆண்டு இல்லை. இந்தப் படை, அதாவது படர்தாமரை, ஒரு பூஞ்சைத் தொற்று. ஸ்டீராய்டு அந்தப் பூஞ்சையைக் கொல்வதில்லை. பூஞ்சையை எதிர்த்துத் தோல் செய்யும் போராட்டத்தை அடக்குகிறது. சிவப்பும் அரிப்பும் அந்தப் போராட்டத்தின் அடையாளங்கள் என்பதால், அவை மறைந்ததும் நோய் தீர்ந்தது என்று நாம் நம்பிவிடுகிறோம். பூஞ்சையோ தடையின்றி வேர்விடுகிறது. மாதக்கணக்கில் பூசியவர்களுக்குத் தொடையிடுக்கில் தோல் மெலிந்து, பிள்ளை பெற்ற வயிற்றில் இருப்பதுபோல வரிவரியாகத் தழும்பு விழுந்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த வரிகள் பிறகு மறைவதில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு நன்றாகக் கேட்டது என்று குழாயைக் கைமாற்றிக்கொடுப்பது நல்லெண்ணத்தில் செய்யப்படுகிறது; அதனாலேயே ஒரு லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) முழுவதும் படையோடு கிடந்ததும் உண்டு.

குளோட்ரிமசோல் போன்ற பூஞ்சை மருந்து மட்டுமே உள்ள களிம்பைப் படையின் விளிம்பைத் தாண்டி 2 சென்டிமீட்டர் வரை, காலையும் மாலையும், உலர்ந்த தோலில் பூச வேண்டும். தடம் மறைந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் தொடர வேண்டும்; பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். உங்கள் மகனுக்குப் பல இடங்களில் பரவியிருப்பதால் மருத்துவர் மாத்திரையும் தரக்கூடும். மழை நாளில் துணி காயாமல் உடுத்துவதும், வீட்டில் எல்லோரும் ஒரே துண்டைப் பயன்படுத்துவதும் நோயைத் திரும்பக் கொண்டுவரும். உள்ளாடையைக் காயவைத்து இஸ்திரி போட்டுக் கொடுங்கள். படை அடிக்கடி திரும்பினால் இனிப்புநீர் (நீரிழிவு) இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

காலைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஒரு மழைக்காலத்தில் மருந்தகத்துக்கு வந்த தொழிலாளி ஒருவர் பெஞ்சில் அமர்ந்து ரப்பர் பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்தபோது, அரைக் குவளைத் தண்ணீர் தரையில் கொட்டியது. காலுறையை உரித்தெடுத்தேன். விரலிடுக்குத் தோல் ஊறிய அவலைப் போல வெளுத்து, தொட்டதும் பிய்ந்து வந்தது. அவர் அன்று காலை 6 மணிக்குப் போட்ட பூட்ஸ் அது. அப்போது மணி 4. மகனுக்கு இரண்டு சோடி பருத்திக் காலுறை கொடுத்தனுப்பி, சாப்பாட்டு நேரத்தில் காலைத் துடைத்து மாற்றச் சொல்லுங்கள். இரவில் பூட்ஸுக்குள் பழைய நாளிதழைத் திணித்து ஈரத்தை இழுக்கவிட்டு, காலையில் எடுத்துவிடுங்கள். வெடித்த காலோடு தேங்கிய நீரில் நடந்தால் எலியின் சிறுநீர் வழியாகப் பரவும் எலிக்காய்ச்சலும் தொற்றலாம். அடுத்த சில வாரங்களில் காய்ச்சல் வந்தால், தோட்டத்து நீரில் நின்றதை மருத்துவரிடம் மகனே முதலில் சொல்ல வேண்டும்.

கேள்வி: புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஒரு பொழுது மட்டும் சாப்பிடுகிறேன். இனிப்புநீர் மாத்திரையை வழக்கம்போல் போடலாமா? (வயது 57)

பதில்: எந்த மாத்திரை என்று எழுதவில்லை. கிளிக்லசைட் போன்றது என்றால், அதைப் போட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் சர்க்கரை இறங்கிக் கைநடுங்கி, வியர்த்து, மயங்கி விழ நேரலாம். இன்சுலினுக்கும் இதே எச்சரிக்கை. நீங்களாக மருந்தைக் குறைக்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். சனிக்கிழமைக்கு முன்பே மருத்துவரிடம் நேரத்தையும் அளவையும் கேட்டுக்கொள்ளுங்கள். மரக்கறி விரதமே போதுமானது. பருப்பும் கீரையும் தட்டில் பாதியாவது இருக்கட்டும்.

கேள்வி: அம்மாவுக்கு வயது 74, இழுப்பு உண்டு. தீபாவளியன்று விடியுமுன் எண்ணெய் தேய்த்துக் குளித்தே தீருவேன் என்கிறார்.

பதில்: அவரைத் தடுக்க வேண்டாம்; முறையை மாற்றுங்கள். விடியலில் வீட்டு மூத்தவர் என்ற மரியாதையோடு உச்சியில் மூன்று சொட்டு நல்லெண்ணெய் வைத்து, உடம்புக்கு மட்டும் வெந்நீர் ஊற்றுங்கள். தலைக்குளியலை முற்பகல் 10 மணிக்கு மேல் வைத்துக்கொண்டால் கூந்தல் மழைக்கு முன் காய்ந்துவிடும். ஈரத்தலையோடு படுக்கவிடாதீர்கள். வழுக்காத நாற்காலியில் அமரவைத்து, எண்ணெய் சிந்திய தரையைச் சீயக்காய் போட்டுக் கழுவுங்கள். முதியவர்களுக்கு எண்ணெயைவிடத் தரைதான் ஆபத்து. குழந்தைகளின் மூக்கில் எண்ணெய் விடும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அது நுரையீரலுக்குள் இறங்கி அழற்சியை உண்டாக்கும், செய்யவே கூடாது.

கேள்வி: காய்ச்சல் மூன்று நாள் அடித்துத் தணிந்துவிட்டது. சோர்வு மட்டும் இருக்கிறது, வயிறு கொஞ்சம் வலிக்கிறது. வேலைக்குப் போகலாமா?

பதில்: வயது இல்லை, இரத்தம் எடுத்தீர்களா என்பது இல்லை, என்ன மாத்திரை போட்டீர்கள் என்பதும் இல்லை. இது கடிதம் எழுதிக் காத்திருக்கும் கேள்வியே அல்ல. அன்றே கிளினிக்குக்குப் போயிருக்க வேண்டும். டெங்கியில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் வருகிறது. வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், மிகுந்த சோர்வு, நிலைகொள்ளாத் தவிப்பு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சலுக்குப் பாரசிட்டமோல் மட்டும் போடுங்கள். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென், டைக்குளோஃபெனாக், மெஃபனாமிக் அமிலம் ஆகியவை இரத்தக் கசிவைக் கூட்டும். பப்பாளி இலைச் சாற்றை நம்பி ஒரு நாளைக்கூடக் கடத்தாதீர்கள்.

கேள்வி: வறட்சியில் தண்ணீர் பிடித்த பீப்பாய்களைக் கவிழ்த்தால் போதுமா?

பதில்: போதாது. ஏடிஸ் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, உட்சுவரில் முட்டையை ஒட்டிவைக்கிறது. அது மாதக்கணக்கில் உலர்ந்தே கிடந்து, மழைநீர் தொட்டதும் பொரிக்கும். பொரித்ததிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே உட்சுவரைத் தூரிகையால் அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். வாரத்தில் ஒரே நாளில் 10 நிமிடம் ஒதுக்கி, பூந்தொட்டித் தட்டு, வாளி, டயர், சென்ற ஆண்டு பின்கட்டில் போட்ட அகல் விளக்குகள் வரை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: நான் பால்வெட்டி ஓய்வு பெற்றவள், வயது 63. மழை தொடங்கினாலே மனம் இறங்கிவிடுகிறது. பிற்பகலில் அழுகை வருகிறது. இதையெல்லாம் எழுதலாமா என்று தெரியவில்லை.

பதில்: எழுதியது நல்லது, அக்கா. மரப்பட்டை நனைந்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் அன்றைய கூலி இல்லை என்ற கணக்கோடு நீங்கள் எத்தனை ஆண்டு வானத்தைப் பார்த்திருப்பீர்கள்! மேகம் கறுத்ததும் நெஞ்சு கனப்பதில் வியப்பே இல்லை. மழை வருமுன், 2 மணி வாக்கில், வாசல் திண்ணையில் அமர்ந்து மூச்சை மெல்ல இழுத்துவிட்டு, காதில் விழும் ஓசைகளை ஒவ்வொன்றாகக் கவனியுங்கள்: தகரக் கூரையில் முதல் துளி, கோழி ஒதுங்கும் சத்தம், தூரத்து லாரி. மனம் கூலிக் கணக்குக்கு ஓடினால் திட்டாமல் அழைத்து வாருங்கள். காலையில் வெயில் இருக்கும்போதே கோயிலுக்கோ தோழி வீட்டுக்கோ நடந்து போய்வாருங்கள். அழுகையோடு தூக்கமும் பசியும் கெட்டு இரண்டு வாரம் நீடித்தால் அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் சொல்லுங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்) தான். அடுத்த மாதம் எப்படி இருக்கிறீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: மழைச் சளிக்குப் பேரனுக்கு இஞ்சிச்சாறும் தேனும் கொடுக்கலாமா?

பதில்: பேரனின் வயதை எழுதவில்லை. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனை நாக்கில் தொட்டுக்கூட வைக்கக் கூடாது.